வெறுவெளியும் ஒரு செல்வமே

நகரின் நடுவே காலியாகக் கிடக்கும் நிலத்தைக் கண்டால், அது வீணாய்க் கிடக்கின்றதென்று எண்ணுவது மாந்தர் இயல்பு. வீடு கட்டலாம், கடை வைக்கலாம், வரி வாங்கலாம் எனக் கணக்குகள் எழும். ஆயின் அக்கணக்கில் சேராத பயன் ஒன்று உண்டென்பது எமது கருத்து. ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினில் உள்ள டெம்பல்ஹோப் பழைய விமான நிலையம் இதற்குத் தக்க சான்றாகும்.

படைகள் அணிவகுத்துப் பயிலும் மைதானமாக இருந்த அவ்வெளியில், 1909-ம் ஆண்டில் ஆர்வில் ரைட் விமானமேறிப் பறந்து காட்டினார். 1923-ல் அது விமான நிலையமாயிற்று. 1936-ல் நாஜி அரசினர் அங்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வளைந்து நீளும் மாபெருங் கட்டிடத்தைத் தொடங்கினர். அருகிலிருந்த கொலம்பியா இல்லத்தில் தம் எதிரிகளை அடைத்து வதைத்தவர்களும் அவர்களே. போர்க்காலத்தில் அடிமைத் தொழிலாளரைக் கொண்டு அந்நிலையத்தில் போர் விமானங்களைப் பூட்டுவித்தவர்களும் அவர்களே. பின்னர் 1948-ல், சோவியத் அரசு மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் தரைவழியையும் நீர்வழியையும் அடைத்தபோது, நிலக்கரியும் உணவும் சுமந்த விமானங்கள் இரவும் பகலும் இங்கே வந்திறங்கின. கொடுமைக்கு இடந்தந்த அதே நிலம், பசித்த நகருக்கு உயிர்நாடியும் ஆயிற்று.

காலம் மாறிற்று. சுற்றிலும் வீடுகள் நெருங்கின. விமானப் போக்குவரத்தை நகர்ப்புறத்தே ஒரே நிலையத்தில் சேர்க்க அரசினர் தீர்மானித்தனர். நிலையத்தை மூடலாகாதென்று 2008 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் பெரும்பாலோர் விரும்பியும், சட்டம் வேண்டிய தொகை சேராமையால் அம்முயற்சி தோற்றது. அவ்வாண்டு அக்டோபர் 30-ம் நாள் நிலையம் மூடப்பெற்றது. 2010-ல் அவ்வெளி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. விமானம் ஓடிய பாதையில் இன்று சிறுவர் சைக்கிள் விடுகின்றனர், காற்றாடி பறக்கின்றது, புல்வெளியில் வானம்பாடிகள் கூடு கட்டுகின்றன.

இதன் ஓரங்களில் ஏறத்தாழ 4,700 வீடுகளும் ஒரு பெரிய நூல்நிலையமும் கட்ட நகர அரசு எண்ணியது. 2014 மே 25-ம் நாள் மக்கள் வாக்களித்தனர். நூற்றுக்கு 64 பேர், வெளி வெளியாகவே இருக்கட்டும் என்றனர். அவ்வாறே சட்டமும் ஆயிற்று. எனினும் வீட்டு வாடகை ஏற ஏற, ஓரத்தையேனும் கட்டுக என்னும் குரல் பின்னும் எழலாயிற்று.

அக்குரலை யாம் இகழவில்லை. தலைசாய்க்க இடமில்லாதவனுக்குப் புல்வெளியின் அழகைப் புகழ்வது பொருந்தாது. ஆயின் இரண்டு கேள்விகள் எழுகின்றன. முந்நூறு ஹெக்டேர் அளவினதாகிய இவ்வெளியில் கை வைக்குமுன், நகரில் வேறு இடங்கள் யாவும் தேடப்பட்டனவா? மக்கள் தம் வாக்கினால் ஆக்கிய சட்டத்தை, அம்மக்களை மீண்டும் கேளாமலே மாற்றுவது முறையா? சட்டசபைக்கு அவ்வதிகாரம் இருக்கலாம். அதிகாரம் உள்ளதெல்லாம் அறமாகிவிடாது.

இன்னுமொன்று. அணிவகுத்த வீரர் விமானத்தைக் கனவிலும் கண்டிலர். விமான நிலையம் அமைத்தோர் 1948-ன் முற்றுகையை அறிந்திலர். முற்றுகையில் கரி இறக்கினோர் சிறுவரின் காற்றாடியை நினைத்திலர். ஒவ்வொரு தலைமுறையும் தான் எதிர்பாராத தேவைக்கு அந்நிலத்தில் இடங் கண்டதற்குக் காரணம், முன்னோர் அதை நிரப்பிவிடாமல் விட்டதேயாம். கட்டியபின் வெளி மீள்வதில்லை. கட்டாத நிலத்தில் என்றும் கட்டலாம். ஆதலின் ஐயமுள்ளவிடத்துப் பொறுத்தலே அறிவுடைமை.

நம் மாணவருட் பலர் நாளை நகரசபைகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் அமர்வர். அவர்கள்முன் ஒரு காலி நிலத்தின் படம் விரிக்கப்படும் நாள் வரும். அந்நாளில், அதன் விலை யாது என வினவுமுன், அஃது யாருடையது என வினவுவார்களாக.