கோப்புக்கு ஒரு வாட்ச்மேன்

நோட் ஜேஎஸ்ஸில் நிரல் எழுதும் பலரும் ஒருநாள் இந்த வேலைக்கு வந்து நிற்பார்கள். ஒரு அடைவில் புதுக் கோப்பு வந்து விழுந்தால் உடனே தெரிய வேண்டும். தெரிந்ததும் எடுத்துப் படிக்க வேண்டும். கிளைக் கடைகள் ராத்திரி அனுப்பும் விற்பனைக் கோப்புகளைத் தலைமை அலுவலகத்துக் கணினி வாங்கிக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பார்த்தால் மூன்று வரி வேலை. எஃப்எஸ்.வாட்ச் என்று கூப்பிட்டு, அடைவின் பெயரைக் கொடுத்து, மாற்றம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு ஃபங்ஷன் எழுதினால் முடிந்தது. சோதித்தால் அழகாக ஓடும். மாதக் கடைசியில் பார்த்தால் ஒரு கடையின் விற்பனை காணாமல் போயிருக்கும், இன்னொரு கடையுடையது இரண்டு தரம் ஏறியிருக்கும்.

உடனே திட்டு விழுவது நோடுக்கு. பாவம், அது செய்வது வெறும் தரகு வேலை. உண்மையில் மணி அடிப்பது இயங்குதளம். லினக்ஸில் ஐநோட்டிஃபை (2005ல் 2.6.13 கெர்னலோடு வந்தது), மேக்கில் அடைவுகளுக்கு எஃப்எஸ்ஈவென்ட்ஸ், விண்டோஸில் இன்னொன்று. மூன்றுக்கும் மூன்று குணம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்காது, கோப்பின் பெயர் எப்போதும் கைக்கு வரும் என்ற உத்தரவாதமும் இல்லை என்று நோடின் கையேடே ஒளிக்காமல் சொல்கிறது. (கையேட்டை யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம் :-)) வரும் செய்தியும் இரண்டே வகை: 'ரீநேம்', 'சேஞ்ச்'. புதுக் கோப்பு பிறந்தாலும் ரீநேம், அழிந்தாலும் ரீநேம். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே மேளம்!

அடுத்த சிக்கல், மணி அடிக்கும் நேரம். கோப்பு வந்து முடிந்த பிறகு மணி அடிக்கும் என்று நினைப்பது இயல்பு. அது வர ஆரம்பித்ததுமே அடித்துவிடும். அந்த நொடியில் திறந்து படித்தால் பாதி விற்பனைதான் கிடைக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. மொத்தத் தொகை மட்டும் குறைவாக இருக்கும். கணக்கில் இதைவிட மோசமான பிழை இல்லை, ஏனென்றால் இது பிழை மாதிரியே தெரியாது.

அடைவை விட்டுவிட்டு ஒரே ஒரு கோப்பை, உதாரணமாக விலைப்பட்டியலை, கண்காணித்தால் அங்கே வேறு கூத்து. பல எடிட்டர்கள் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதிதாக ஒன்றை எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடுகின்றன. லினக்ஸிலும் மேக்கிலும் நோட் காவல் காப்பது பெயரை அல்ல, உள்ளே இருக்கும் ஐநோடை. கதவு எண் அதேதான், ஆனால் வீடு வேறு. வாட்ச்மேன் இடித்த வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். அதற்குப் பிறகு விலை எத்தனை தரம் மாறினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

லினக்ஸில் ஒரு பயனருக்கு இத்தனை கண்காணிப்புதான் என்ற உச்சவரம்பும் உண்டு. முன்பெல்லாம் வழக்கமாக 8192. 2021ல் வந்த 5.11 கெர்னலிலிருந்து நினைவகத்தின் அளவைப் பார்த்து அது கூடுகிறது. அந்த வரம்பைத் தாண்டினால் வரும் செய்தி, 'சாதனத்தில் இடம் இல்லை'. வட்டில் பாதி காலியாகக் கிடக்கும். விவரம் தெரியாதவர் உட்கார்ந்து பழைய படங்களை அழித்துக்கொண்டிருப்பார்.

இதற்கெல்லாம் மருந்தாக 2012ல் வந்தது சௌகிதார் என்ற நிரல்தொகுப்பு. பெயர் இந்திதான், காவல்காரர் என்று அர்த்தம். நல்ல தொகுப்பு, சந்தேகமில்லை. வந்தது, மாறியது, போனது என்று தனித்தனியாகச் சொல்லும். கேட்டுக்கொண்டால் கோப்பின் அளவு இரண்டு நொடி மாறாமல் இருந்த பிறகே சொல்லும். ஆனால் அந்த இரண்டு நொடி ஒரு ஊகம்தானே? நடுவில் இணைப்பு ஐந்து நொடி தூங்கினால் மறுபடி பாதிக் கோப்புதான். அனுப்புகிறவர் வேறொரு தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் சரியான பெயருக்கு மாற்றினால் இந்த ஊகமே வேண்டாம். ஒரே வட்டுப் பகிர்வுக்குள் பெயர் மாற்றம் ஒரே வெட்டில் நடப்பது. பாதி என்ற நிலையே அதற்குக் கிடையாது.

இத்தனையும் செய்தாலும் ஒரு ஓட்டை மிஞ்சுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வழங்கி ஒரு தரம் நின்று மறுபடி எழுந்தால், இடையில் வந்த கோப்புகளுக்கு யார் மணி அடிப்பது? யாரும் இல்லை. எஃப்எஸ்.வாட்சைப் பொறுத்தவரை போன மணி போனதுதான்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது பழகின சங்கதி. சரக்கு வர வர, போகப் போகப் பதிவேட்டில் ஏற்றும் கடையிலும், கிடங்கைத் திறந்து மூட்டையை எண்ணும் நாள் ஒன்று உண்டு. ரொக்க ஏடு இருக்கும்போதே வங்கியின் செல்லேட்டையும் வாங்கி, சரிகட்டும் பட்டியல் போடுகிறார்கள். பதிவேடு எழுதியவர் திருடர் என்பதற்காக அல்ல. ஒரு பதிவு விட்டுப்போவது சகஜம் என்பதற்காக. நிரலாளர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். மணியையே கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். மணிக்கு இருக்க வேண்டிய அர்த்தம் ஒன்றுதான்: போய்ப் பார். போய், அடைவு முழுவதையும் பட்டியலிட்டு, ஏற்கெனவே கூட்டிய கோப்புகளின் பேரேட்டோடு ஒப்பிட்டு, பேரேட்டில் இல்லாததை மட்டும் எடுக்க வேண்டும். நிரல் தொடங்கும்போது ஒரு தரம், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம், மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும். அப்போது ஒரு மணி தவறினால் ஐந்து நிமிடத் தாமதம்தான், நாலு தரம் அடித்தாலும் நஷ்டமில்லை.

'அடிக்கடி எட்டிப் பார்ப்பதெல்லாம் பழைய பாணி, வீண் செலவு' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நோடிலேயே இருக்கும் எஃப்எஸ்.வாட்ச்ஃபைல் 5007 மில்லிநொடிக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பதைக் கேலி செய்வார்கள். சில நூறு கோப்புகள் உள்ள அடைவைப் பட்டியலிட ஒரு கணினிக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. நிரல் எழுதும்போது தானாக மறுதொடக்கம் செய்யும் வசதி (2022 முதல் நோடிலேயே இருக்கிறது) வேறு கதை. அங்கே ஆயிரக்கணக்கான கோப்புகள், எட்டிப் பார்ப்பது உண்மையிலேயே செலவு. ஒரு மணி தவறினாலும் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், இன்னொரு தரம் சேமிப்பார். ராத்திரி இரண்டு மணிக்குத் தலைமை அலுவலகத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அதிலும் அந்த விற்பனைக் கோப்புகள் என்எஃப்எஸ் போன்ற வலையமைப்பு வட்டு வழியாக வந்தால் பேச்சுக்கே இடமில்லை. வேறொரு கணினி அங்கே எழுதுவது ஐநோட்டிஃபையின் காதில் விழாது. அங்கே மணியே இல்லை, எண்ணிப் பார்ப்பது மட்டும்தான்.