கல்லெறி வாங்கிய தளபதி

2008 இன் கடைசி மாதங்களில் மோர்டனில் இரண்டு தமிழர் சந்தித்தால் மூன்றாவது ஆளாகக் குதூசோவும் வந்து நிற்பார். "நெப்போலியனை உள்ள விட்டுத்தானே ரஷ்யாக்காரன் அடிச்சவன், பொறுத்திருந்து பாருங்கோ" என்பார்கள். 'போரும் வாழ்வும்' படித்தவர்களும் சொன்னார்கள், படிக்காதவர்களும் சொன்னார்கள்.

அந்தக் கதையில் விடுபட்டுப்போன ஒருவர் இருக்கிறார். பார்க்லே டி டோலி. (வங்கியை நினைக்காதீர்கள்.) பூர்வீகம் இங்கே ஸ்கொட்லாந்து. பாட்டன் காலத்துக்கு முன்பே பால்டிக் கரையில் குடியேறி, ஜேர்மன் பேசிய குடும்பம். பெரிய பிரபு வம்சமில்லை, படிப்படியாக உயர்ந்தவர். 1809 மார்ச்சில் உறைந்து கிடந்த கடலின்மேல் படையை நடத்திச் சுவீடன் கரையில் ஏறினார். 1810 இல் யுத்த மந்திரி.

1812 ஜூனில் நெப்போலியன் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட படையோடு எல்லையைக் கடந்தபோது பார்க்லேயிடம் இருந்தது சுமார் 1,20,000 பேர். பக்ராத்தியோனின் படை வேறோரிடத்தில் நின்றது. நின்று அடிபட்டால் படையே மிஞ்சாது என்று பார்க்லேக்குத் தெரியும். பின்வாங்கினார். ஓகஸ்டில் ஸ்மொலென்ஸ்கையும் விட்டார். உடனே தொடங்கிவிட்டது. இவன் ரஷ்யனில்லை, ஜேர்மன்காரன், விலைபோனவன், துரோகி. பக்ராத்தியோனே அப்படித்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். (அவர் ஜோர்ஜியர் என்பது வேறு கதை!)

சார் மன்னர் குதூசோவை நியமித்தார். வந்தவர் என்ன செய்தார்? அவரும் பின்வாங்கினார். செப்டெம்பர் 7 இல் பொரோதினோவில் ஒருநாள் பெருஞ்சண்டை. அன்று பார்க்லே முழுச் சீருடையில், பதக்கங்களோடு, குண்டு விழுந்த இடங்களிலேயே நின்றார். சாகத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். சாகவில்லை. அதன்பின் பீலிக் கிராமத்தில் கூடியபோது, மொஸ்கோவை விடுவோம் என்று வாய்திறந்து சொன்னவரும் அவர்தான். குதூசோவ் விட்டார். அதே காரியம், ரஷ்யப் பெயர்க்காரர் செய்தவுடன் தந்திரமாயிற்று. படையை விட்டு விலகிப்போன பார்க்லேயின் வண்டிக்கு வழியில் சனம் கல்லெறிந்தது.

2008 இல் இங்கேயும் ஒருசிலர் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்கள். ரஷ்யாக்காரனுக்கு எல்லையிலிருந்து மொஸ்கோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர் இருந்தது, கிளிநொச்சியை விட்டால் முல்லைத்தீவுக் கடல்தானே, அந்தச் சனம் எங்கே போகும்? கணக்குத்தான் கேட்டார்கள். அவர்களுக்கும் அதே சொல்தான் கிடைத்தது. கோயிலில் முகத்தைத் திருப்பினார்கள், கலியாணங்களுக்குச் சொல்லவில்லை. 2009 மே வந்து போனது. குதூசோவை உதாரணம் காட்டியவர்கள் வேறு உதாரணங்களுக்குப் போய்விட்டார்கள். அந்தச் சொல்லை மட்டும் ஒருவரும் திருப்பி எடுக்கவில்லை.

பார்க்லேயை 1813 இல் திரும்பக் கூப்பிட்டார்கள். 1814 இல் பரிஸ் வரை போய் பீல்ட் மார்ஷல் ஆனார். 1818 இல் இறந்தார். 1837 இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் கசான் தேவாலயத்துக்கு முன்னால் இரண்டு சிலைகள் வைத்தார்கள், ஒன்று குதூசோவுக்கு, மற்றது பார்க்லேக்கு. கல்லெறிக்கும் சிலைக்கும் இடையில் 25 வருசம். எங்கட ஆக்களுக்குச் சிலையொன்றும் வேண்டாம், கலியாணத்துக்குச் சொன்னால் போதும்.