துலக்குதலும் புதுக்குதலும்

புதுக்குதல், துலக்குதல் என இரு சொற்கள் நம் மொழியில் உள. இரண்டும் ஒரு பொருளன போலத் தோன்றினும் ஒன்றல்ல. இடிந்த சுவரைப் புதுக்குகிறோம். கறுத்த குத்துவிளக்கைத் துலக்குகிறோம். முன்னதில் வெளியிலிருந்து ஒன்று வந்து சேர்கிறது. பின்னதில் உள்ளே மறைந்திருந்த ஒன்று வெளிப்படுகிறது. இந்த வேறுபாட்டை ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு எடுத்துரைத்துவந்த எனக்கு, அதன் முழுப் பொருளையும் உணர்த்தியது ஒரு பழைய மோட்டார் கார் என்றால் வாசகர் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

என் தந்தையார் அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் சாரதியாக இருந்தவர். துரையின் பங்களாவில் நின்ற கரும்பச்சை நிற மொறிஸ் மைனரை ஓட்டுவதும், கழுவுவதும், மெருகிடுவதும் அவர் தொழில். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை போயினார், கார் பலர் கைமாறியது. ஈற்றில், தம் சேமிப்பு முழுவதையும் கொடுத்து, என் தந்தையாரே அதனை வாங்கினார். அவர் மறைந்தபின் பன்னிரண்டு ஆண்டுகளாக அது தகரக் கொட்டகையில் பாதி, வெயிலில் பாதியாகக் கிடந்தது. சென்ற தை மாதத்தில் சென்று பார்த்தேன். கரும்பச்சையைக் காணோம், உடலெங்கும் சாம்பல் பூத்திருந்தது. கையால் தடவினேன். வெளிறிய பச்சைத் தூள் உள்ளங்கையில் ஒட்டிற்று.

உடன் வந்த என் தம்பி மகன் காலம் தாழ்த்தவில்லை. "பெரியப்பா, பழைய பெயின்டை எல்லாம் சுரண்டிப் போட்டுட்டு சிவப்பு அடிச்சிருவோம். கராஜ்ல கேட்டுட்டேன். நல்ல விலைக்குப் போகும்" என்றான். அவன் கணக்கு பிழையன்று. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து, 2025இல் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, பழைய கார்களுக்கு இந்நாட்டில் ஏறிய மதிப்பை யாவரும் அறிவர். மேலும், லயத்து வாழ்வின் வறுமையை அறிந்த குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பழமை பெருமையன்று. அது ஒரு வடு. அவ்வுணர்வை நான் இகழேன். எனினும் அவன் முடிவை ஏற்க என்னால் இயலவில்லை.

முதலில், நேர்ந்தது யாதென அறிதல் வேண்டும். அக்காலத்து எனாமல் பூச்சில் நிறமும் மினுக்கமும் ஒரே படலத்தில் உள்ளன. கழியூதாக் கதிரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் அப்படலத்தின் பிசினைச் சிதைக்கின்றன. பற்றுக்கோடிழந்த நிறத்துகள்கள் தூளாகி மேலே நிற்கின்றன. இதுவே ஒட்சியேற்றம். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் கழியூதாக் கதிரின் வலிமை ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடும் என்பர். நுவரெலியாவோ 1,800 மீற்றருக்கும் மேலே உள்ளது. தை, மாசி மாதங்களில் இரவில் உறைபனி, பகலில் சுடுவெயில். வைகாசி பிறந்தால் ஓயாத மழை. குளிரூர் ஆதலால் வெயில் தீங்கு செய்யாது என்று நாம் எண்ணுவது பிழை.

ஆனால் அத்தூளுக்குக் கீழே நல்ல நிறம் இன்னும் இருக்கிறது. அதனை எழுப்பும் முறை கடினமன்று. நிழலில் நிறுத்தி மென்சவர்க்காரத்தால் கழுவுக. எண்ணெய்ப் பசையுள்ள மெருகைப் பூசி ஓரிரவு ஊறவிடுக. பின்னர் மிக நுண்ணிய தேய்ப்புப் பசையைப் பருத்தித் துணியில் தொட்டு, சிறு சிறு பகுதியாகக் கையால் தேய்க்குக. இறுதியில் மெழுகிட்டுக் காக்குக. பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் கூடுமாதலின், உலர்வாகச் சுரண்டித் தூளைப் பறக்கவிடுதல் தீது. ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: துணியில் ஏறும் பச்சை, காரிலிருந்து குறையும் பச்சையே. பூச்சின் முழுக் கனமும் ஏறத்தாழ ஒரு தலைமயிரின் அளவுதான். ஆதலால் மெருகிடுதல் பன்முறை செய்யத்தக்கதன்று. ஒருமுறை பொறுமையாகச் செய்து, பிறகு மெழுகால் பேணத்தக்கது.

ஏட்டுச்சுவடியைப் பேணுவோர் செய்வதும் இஃதே அன்றோ? உலர்ந்த ஏட்டுக்கு எண்ணெய் தடவுவர். மை பூசித் துடைப்பர். மறைந்த எழுத்து எழும். கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏடு தேடி உழைத்தது பழம்பாடத்தை மீட்பதற்கே. அதன்மேல் புதுப்பாட்டு எழுதுவதற்கன்று.

மூன்று நாள்கள் நானும் அவனும் தேய்த்தோம். கதவுகளில் கரும்பச்சை மீண்டது. அப்போது சாரதிப் பக்கத்துக் கதவின் மேல்விளிம்பில் ஓர் இடம் கண்ணிற்பட்டது. அங்கே பச்சை முழுதும் தேய்ந்து அடிப்பூச்சுத் தெரிந்தது. அது வெயில் செய்ததன்று. மலைப்பாதையின் வளைவுகளில் பல்லாண்டுகள் என் தந்தையாரின் முழங்கை ஊன்றிய இடம் அது.

மொறிஸ் மைனர் இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது 1948 ஒக்டோபரில். அடுத்த மாதத்தில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. துரையின் காருக்கு எழுத்தும் எண்ணும் கொண்ட பதிவு இருந்தது. அதனை ஓட்டியவருக்குப் பதிவு இல்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எங்கள் குடும்பம் குடியுரிமை பெற்றது. அதுவரை இந்நாட்டில் அவர் வாழ்ந்தமைக்கு எந்தப் பத்திரம் சான்று? அந்தத் தேய்ந்த விளிம்பு ஒன்றே என் கைக்கு எட்டிய சான்று. சிவப்பு அடித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

எல்லாவற்றையும் துலக்கியே மீட்கலாம் என்று நான் வாதிடவில்லை. துரு தின்ற தகட்டை வெட்டி ஒட்டத்தான் வேண்டும். நிறத்தின்மேல் ஒளிபுகும் தனிப்படலம் பூசப்பெற்ற பிற்காலக் கார்களில் அப்படலம் உரிந்துவிட்டால் மெருகு பயன் தராது. புதிதாகப் பூசுதலே வழி. எங்கள் காரின் கூரையிலும் நிறம் முழுதாக மீளவில்லை. ஆனால் எது செத்தது, எது உறங்குகிறது என்று பாராமலே தூரிகையைக் கையில் எடுக்கும் பழக்கத்தையே நான் மறுக்கிறேன். மலையகத்தின் பழைய கோயில்களிலும், வாசிகசாலைகளிலும், வீட்டுப் பெட்டிகளிலும் இப்பழக்கத்தால் நாம் இழந்தவை சிலவல்ல.

காரை விற்பதா வைத்திருப்பதா என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. ஆயினும் சிவப்பு என்ற பேச்சு இப்போது எழுவதில்லை. ஞாயிறுதோறும் தம்பி மகனே மெழுகுத் துணியோடு கொட்டகைக்குப் போகிறான். புதுக்கத் தொடங்குமுன் ஒருமுறை துலக்கிப் பாருங்கள் என்பதே அன்பர்கட்கு யான் விடுக்கும் வேண்டுகோள்.