அட்வான்ஸுக்கு முன்னால் வக்கீல்

பட்டுப் புடவை வாங்கப் போனால் நாம் என்ன செய்கிறோம்? முந்தானையைப் பிரித்துப் பார்க்கிறோம். ஜரிகையைத் தடவிப் பார்க்கிறோம். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாயத்தைப் பார்க்கிறோம். கால் பவுன் மோதிரமானாலும் உரைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஆனால் ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தைக் கொட்டி வீடு வாங்கும்போது மட்டும், "தரகர் நமக்குத் தெரிந்த மனிதர், பத்திரமெல்லாம் சரியாயிருக்கிறதாம்" என்று கேட்ட மாத்திரத்தில் அட்வான்ஸை நீட்டி விடுகிறோம்!

வீட்டுக்காக வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுப்பவள் பெரும்பாலும் குடும்பத் தலைவிதான். ஆகவே நாலு கேள்வி கேட்கிற பாத்தியதையும் அவளுக்கு உண்டு. சகோதரிகள் வழக்கமாகக் கேட்கும் சில சந்தேகங்களை இந்த வாரம் எடுத்துக் கொள்வோம்.

"பத்திரம் எழுதுகிறவர்தான் இருக்கிறாரே, தனியாக வக்கீல் எதற்கு?"

பத்திரம் எழுதுகிறவர் அரசாங்க லைசென்ஸ் பெற்றவர். நாம் சொல்லும் விவரங்களை முறைப்படி எழுதிக் கொடுப்பது அவர் வேலை. விற்கிறவருக்கு விற்க உரிமை இருக்கிறதா என்று துருவிப் பார்ப்பது அவர் பொறுப்பல்ல. ரிஜிஸ்தர் ஆகிவிட்டதனாலேயே சொத்து சுத்தமாகி விடும் என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் நிலப் பதிவேட்டில் யார் பெயர் ஏறியிருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்பதற்கு அரசாங்கம் ஜவாப்தாரி. அங்கேயே வீடு வாங்குகிறவர்கள் சாலிசிட்டர் போன்றவர்களை அமர்த்திக் கொள்கிறார்கள். நம் ஊரிலோ பதிவாவது பத்திரம்தான். உரிமைக்கு அரசாங்கம் ஜாமீன் நிற்பதில்லை. விற்கிறவரிடம் இல்லாத உரிமையை, எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு ஸ்டாம்பு வாங்கினாலும் அவர் நமக்குக் கொடுக்க முடியாது. அந்த உரிமை பத்திரத்துக்குப் பத்திரம் சங்கிலிபோல் தொடர்ந்து வருகிறதா, நடுவில் எங்கேயாவது கண்ணி விட்டுப் போயிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் வக்கீல்.

"முப்பது வருஷத்து வில்லங்க சர்டிபிகேட் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. அது போதாதா?"

அவசியம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது ஒன்றே போதாது. ரிஜிஸ்தர் ஆபீசில் பதிவான தஸ்தாவேஜுகளின் விவரம்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில் அதில் தெரியாது. வாய்மொழியாகப் பாகம் பிரித்துக் கொண்டது தெரியாது. கோர்ட்டில் நடந்து கொண்டிருக்கும் வழக்கும் தெரியாமல் போகலாம். மூலப் பத்திரத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கைக்கடன் வாங்கியிருந்தால் அதுவும் தெரியாது. ஆகையால், "ஒரிஜினல் தொலைந்து போயிற்று, நகல் இருக்கிறது" என்று விற்கிறவர் சொன்னால் உடனே உஷாராகுங்கள். உண்மையாகவே தொலைந்திருக்கலாம். ஆனால் அதை வக்கீல் விசாரித்துத் திருப்தியடைந்த பிறகே மேலே ஓர் அடி வைக்க வேண்டும்.

"தகப்பனார் சொத்து. பிள்ளைகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். இன்னும் என்ன?"

கூடப் பிறந்த பெண்கள் இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்! 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் காலமான ஒருவரின் சுயார்ஜித சொத்தில் மனைவி, பிள்ளைகள், பெண்கள், அவருடைய தாயார் எல்லாருக்கும் சம பாகம் உண்டு. பிதிரார்ஜித சொத்திலும் பெண்ணுக்குச் சம உரிமை தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-ல் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்கள் அதில் சேரவில்லை. 2005-ல் வந்த மத்திய சட்டத் திருத்தம் அவர்களையும் சேர்த்துக் கொண்டது. தகப்பனார் அதற்கு முன்பே காலமாகியிருந்தாலும் பெண்ணின் உரிமை போகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் தீர்ப்புச் சொன்னது. பாகப் பிரிவினை எப்போது, எப்படி நடந்தது என்பதைப் பொறுத்து இது மாறக்கூடும். மற்ற மதத்தினருக்குச் சட்டம் வேறு. இதையெல்லாம் சீர்தூக்கிப் பார்ப்பது வக்கீலின் வேலை.

"கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு என்ன பாகம்?" என்று விற்கிறவர்கள் சொல்லலாம். பெண்களாகிய நாமே அதை நம்பி ஏமாறலாமா? நாளைக்கு அந்தப் பெண் தன் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டால் நியாயம் அவள் பக்கம். நஷ்டம் நம் பக்கம்.

வாரிசுகளில் மைனர் குழந்தை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை தேவை. ஹிந்து மைனருக்குச் சொந்தமான வீட்டையோ நிலத்தையோ தாய் தகப்பனாரே விற்பதானாலும், முன்கூட்டி கோர்ட்டின் அனுமதி பெற வேண்டும் என்பது 1956-ஆம் வருஷத்துச் சட்டம். பெறாமல் விற்றால், குழந்தை மேஜரான பிறகு கிரயத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம்.

"பவர் பத்திரம் எழுதித் தருகிறேன், செலவு குறைவு என்கிறார்களே?"

பவர் பத்திரம் என்பது ஒருவருக்காக இன்னொருவர் காரியம் பார்க்கும் அதிகாரந்தான். அதனால் வீடு கை மாறுவதில்லை. ரிஜிஸ்தர் ஆன கிரயப் பத்திரத்தால்தான் வீடு நம்முடையதாகும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் திட்டமாகச் சொல்லியிருக்கிறது. பவர் ஏஜெண்டு நமக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுப்பதானால், பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா, பவரை ரத்துச் செய்திருக்கிறாரா என்று விசாரித்தே ஆக வேண்டும்.

"பாங்கியில் கடன் வாங்குகிறோம். பாங்கி வக்கீல் பார்த்துவிட்டாரே?"

அவருடைய கட்சிக்காரர் பாங்கி, நீங்கள் அல்ல. கடன் திரும்பி வருமா என்பதுதான் பாங்கியின் கவலை. பீஸ் நம் பையிலிருந்து போகலாம். அபிப்பிராயம் போவது பாங்கிக்கு. கட்டடம் கட்டி விற்கிறவர் ஏற்பாடு செய்யும் வக்கீலும் அப்படித்தான். உங்களுக்கென்று ஒருவர் வேண்டும்.

"நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? பீஸ் என்ன ஆகும்?"

வக்கீல்கள் விளம்பரம் செய்து கொள்ளக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே அக்கம் பக்கத்தில் வீடு வாங்கியவர்களை விசாரியுங்கள். சிவில் வழக்குகளில் பழக்கமுள்ளவராக, அந்த வட்டாரத்துச் சொத்துக்களை அறிந்தவராக இருப்பது நலம். தரகர் சிபாரிசு செய்கிறவர் வேண்டாம். பீஸை முதலிலேயே பேசிக் கொள்ளுங்கள். பத்திரங்களைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வதற்கு மட்டுமா, கிரயப் பத்திரம் எழுதுவதும் ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட வருவதும் சேர்த்தா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். அபிப்பிராயத்தை எழுத்தில் வாங்குங்கள். எந்தெந்தப் பத்திரங்களைப் பார்த்தார், இன்னும் எவை வர வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

"அவரிடம் எப்போது போவது?"

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்! எல்லாவற்றிலும் இதுவே முக்கியம். பணம் கை மாறிய பிறகு குற்றம் தெரிந்தால், கொடுத்ததை மீட்பதே ஒரு வழக்காகி விடும். தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தையும் ரிஜிஸ்தர் செய்வது கட்டாயம். உரிமையில் கோளாறு இருந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்தை அதில் வக்கீலைக் கொண்டு சேர்க்கச் சொல்லுங்கள். கிரயம் முடிந்ததும் பட்டா, வீட்டு வரி, மின்சார இணைப்பு மூன்றையும் பெயர் மாற்றிக் கொள்ள மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் சலுகை உண்டு. ஆகவே, "உன் பேரிலேயே வாங்குகிறேன்" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லக்கூடும். சந்தோஷந்தான். ஆனால் பெயர் உங்களுடையதானால், பத்திரத்தைப் படிக்க வேண்டியவரும் நீங்கள்தான். சர்வே நம்பர், அளவு, நான்கெல்லை மூன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். புரியாத இடத்தில் வக்கீலை நிறுத்திக் கேளுங்கள். அவர் அலுத்துக் கொண்டாலும் பரவாயில்லை. அதற்கும் சேர்த்துத்தானே பீஸ் கொடுக்கிறீர்கள்!