விளையாட்டுப் பார்க்கக் கடல் கடந்து



கடல் கடந்து போவதற்கு எமது பெண்கள் அறிந்த காரணங்கள் சிலதான். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போவது, கலியாணமாகிக் கணவனிடம் போவது, உயிர் தப்புவதற்காகப் படகேறுவது. இவற்றில் எதுவுமே பொழுதுபோக்கு அல்ல. தமக்குப் பிடித்த அணியின் விளையாட்டைப் பார்ப்பதற்காக மட்டும் கடல் கடந்து போய், பார்த்து முடித்து வீடு திரும்புகிறவர்களைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். "இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் கொஞ்சம் வாசியுங்கள்.

அமெரிக்காவில் 'உதைபந்தாட்டம்' என்று சொல்லப்படுவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. பந்து நீள்வட்டமாக இருக்கும். அதைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுவார்கள், அல்லது வீசுவார்கள். 4 முயற்சிகளுக்குள் சுமார் 9 மீற்றர் தூரமாவது முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அங்கே பல்கலைக்கழக மாணவர் ஆடும் போட்டிகளுக்கே பல்லாயிரக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் மட்டுமல்ல, அதன் வாசற்படியையே மிதிக்காதவர்களும் வருகிறார்கள்.

இந்தப் போட்டிகளில் சில அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் நடைபெறுகின்றன. 2012 செப்டெம்பர் 1ஆம் திகதி நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியும் கடற்படை அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரியின் அணியும் அங்கே மோதின. அந்த ஒரு விளையாட்டுக்காக அமெரிக்காவிலிருந்து சுமார் 35 ஆயிரம் பேர் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்தார்கள். 2023 ஆகஸ்டில் இதே இரு அணிகளும் அங்கே மீண்டும் ஆடியபோது வந்தவர்கள் சுமார் 40 ஆயிரம் பேர். 42க்கு 3 என்ற கணக்கில் நோட்டர் டேம் வென்றது. தோற்ற அணியின் ஆதரவாளர்களையும் குறைவாக எண்ண வேண்டாம். 1964 முதல் 2006 வரை 43 ஆண்டுகள் தொடர்ந்து நோட்டர் டேமிடம் தோற்றபோதும் அவர்கள் தமது அணியைக் கைவிடவில்லை. 2007இல்தான் அந்தத் தோல்வித் தொடர் முடிந்தது.

ஏன் டப்ளின்? இதற்கு விடை விளையாட்டில் இல்லை, சரித்திரத்தில் இருக்கிறது.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அக்காலத்தில் ஒரு பிள்ளை கப்பலேறுவதற்கு முந்திய இரவு வீட்டில் உறவினர் கூடி, செத்தவீட்டில் போல விடிய விடிய விழித்திருப்பார்களாம். அந்த இரவுக்கே 'அமெரிக்கச் செத்தவீடு' என்ற கருத்தில் ஒரு பெயர் இருந்தது. போகிறவள் திரும்பி வரமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

போகிறவள் என்று நான் எழுதியது தெரிந்துதான். பஞ்சத்துக்குப் பின்வந்த தசாப்தங்களில் அயர்லாந்திலிருந்து மணமாகாத இளம் பெண்கள் பெருந்தொகையாகத் தனியே அமெரிக்கா சென்றார்கள். நியூயோர்க்கிலும் பொஸ்டனிலும் பணக்கார வீடுகளில் சமைத்தார்கள், துடைத்தார்கள், பிள்ளை பார்த்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் காசில் தம்பி தங்கைகளுக்குக் கப்பல் ரிக்கற் வாங்கப்பட்டது. இந்தக் கதை எமக்குப் புதிதல்ல.

நோட்டர் டேம் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அதன் அணிக்குப் 'போராடும் ஐரிஷ்காரர்' என்று பெயர். இந்த வேலைக்காரிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த அணியைத் தமதாக்கிக் கொண்டார்கள். அங்கே இளமாணிப் பட்டப்படிப்புக்குப் பெண்களைச் சேர்த்ததே 1972இல்தான். என்றாலும் அதற்கு முன்பிருந்தே பெண்கள் அந்த அணிக்காகக் கைதட்டினார்கள். ஊரை இழந்தவர்களுக்கு அந்த அணி ஓர் ஊராயிற்று. திரும்பி வரமுடியாது என்று அழுது அனுப்பப்பட்டவளின் பேரப்பிள்ளைகள், இன்று போகவும் வரவும் ரிக்கற் எடுத்து விளையாட்டுப் பார்க்க அதே மண்ணில் வந்து இறங்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோட்டர் டேம் முதன்முதலில் டப்ளினில் ஆடியது 1996 நவம்பரில், குரோக் பார்க் மைதானத்தில். 1920 நவம்பர் 21ஆம் திகதி காலையில் அயர்லாந்துப் போராளிகள் பிரித்தானிய உளவு அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று பிற்பகல் பிரித்தானியப் படையினர் இதே மைதானத்துக்குள் புகுந்து, விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சனத்தின் மீது சுட்டார்கள். 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மைக்கல் ஹோகன் என்ற விளையாட்டு வீரர். 10, 11 வயதுச் சிறுவர்களும் இருந்தார்கள். ஜேன் பொயில் என்ற இளம் பெண் தன்னை மணக்கவிருந்தவருடன் விளையாட்டுப் பார்க்க வந்திருந்தார். கலியாணத்துக்கு 5 நாட்களே இருந்தன.

அந்த மைதானத்தை யாரும் மூடிவிடவில்லை. பார்வையாளர் மேடையொன்றுக்கு ஹோகனின் பெயரை வைத்தார்கள். 2020இல் நூறாண்டு நிறைந்தபோது 14 தீப்பந்தங்களை ஏற்றினார்கள். அதே புல்லில் பிள்ளைகள் இன்றும் ஓடி விளையாடுகிறார்கள். நினைவுகூர்தலும் மகிழ்ச்சியும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்பதை அந்த மைதானம் எனக்குச் சொல்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எமது நிலையத்தில் ஆங்கிலம் கற்பிக்க வந்திருந்த ஓய்வுபெற்ற அமெரிக்க ரீச்சர் ஒருவர் 2023 போட்டிக்குப் போயிருந்தார். அவரும் கணவரும் 2020 போட்டிக்கென்று காசு சேர்த்து ரிக்கற் எடுத்து வைத்திருந்தார்கள். கொரோனாவால் அந்தப் போட்டி நடக்கவில்லை. அடுத்த ஆண்டு கணவர் காலமானார். போட்டி மீண்டும் டப்ளினுக்கு வந்தபோது, "இந்த நிலையில் உனக்கு இது தேவையா?" என்று அவரது உறவினரே கேட்டார்களாம். அமெரிக்காவிலும் இதே கேள்விதானா என்று நான் வியந்தேன். கணவரின் தங்கையைக் கூட்டிக்கொண்டு ரீச்சர் போனார். "இடைவேளையில் அழுதேன். பிறகு எழும்பி நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். 2 வருடங்களாக நான் சத்தமாகக் கதைத்ததே இல்லை" என்று எனக்கு எழுதியிருந்தார்.

சனங்கள் ஒரு காரியத்துக்காக ஒன்றுகூடும்போது தனியாளிடம் இல்லாத ஒரு பலம் பொங்கி எழுகிறது என்று பிரான்சின் சமூகவியலறிஞர் எமில் துர்கைம் 1912இல் எழுதினார். பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாகப் படித்தோம். தேர்வடம் பிடித்த எவருக்கும் அது படிக்காமலே விளங்கும். துக்கம் எம்மைத் தனியாக்குகிறது. கூட்டத்தில் ஒருத்தியாக நின்று கைதட்டுவது அந்தத் தனிமையைக் கொஞ்சமாவது உடைக்கிறது.

கடல் கடந்து விளையாட்டுப் பார்ப்பது காசுள்ளவர்களுக்குத்தான் என்பீர்கள். உண்மைதான். ஆனால் எம்மில் பலரைத் தடுப்பது காசு மாத்திரமல்ல. எமது கூட்டமொன்றில் கணவனை இழந்த சகோதரி ஒருவர் சொன்னார்: "மகன் பள்ளிக்கூட ரீமில பந்தடிக்கிறான். நான் ஒருநாளும் போய்ப் பார்க்கேல்லை. சிரிச்சுக்கொண்டு நிண்டால் சனம் என்ன சொல்லும்?" பக்கத்தில் இருந்த வயதான அம்மா, "சனம் சோறு போடுதே? வாற முறை நானும் வாறன், போவம் பிள்ளை" என்றார். இருவரும் போனார்கள். மகனின் அணி தோற்றுப்போனது. ஆனாலும் அடுத்த போட்டி எப்போது என்று கேட்டுத்தான் வீடு வந்தார்களாம்.

சகோதரிகளே, சிரிப்பதால் இறந்தவர்களை மறந்துவிட்டோம் என்று ஆகாது. காணாமற்போனவர்களைத் தேடுவதை நிறுத்திவிட்டோம் என்றும் ஆகாது. உங்கள் பிள்ளையின் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். ஊர்க் கழகங்களின் சுற்றுப்போட்டி வரும். வேலி ஓரமாக ஒளிந்து நிற்காமல் உள்ளே போய் இருங்கள். தனியே போகக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிடுங்கள். உங்களுக்கென்று ஓர் அணியைத் தெரிவு செய்யுங்கள். அது தோற்கிற அணியாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்.