தொங்குவதற்கு ஒரு பலகை

சுவர் ஏறுகிறவனை முன்பெல்லாம் ஊர் வேறு பெயரில் கூப்பிடும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸிலிருந்து அது பதக்க விளையாட்டு. என் அக்கா பையன், சாஃப்ட்வேர்க்காரன், வாரம் இரண்டு தடவை டிராஃபிக்கில் ஊர்ந்து போய் ஏறி அலுத்துவிட்டான். "ரூமுக்குள்ளயே ஒரு சுவர் போடறேன் மாமா. பலகை மட்டும் நீங்க பார்த்துக் குடுங்க" என்றான்.

நேர்ச் சுவர் என்றால் பரவாயில்லை. இவன் கேட்பது பிரிட்டிஷ்காரர் பென் மூனின் 'மூன்போர்டு' மாதிரி, நம் மேலேயே 40 டிகிரி சாய்ந்து நிற்கிற சமாசாரம். ஏறுகிறவன் கிட்டத்தட்ட பல்லி. பிடி கழன்றால் முதுகுதான் முதலில் தரையைத் தொடும். அக்கா இது வரைக்கும் கேட்டுவிட்டுப் பூஜை அறைக்குப் போய்விட்டாள்.

கடைக்காரர் முதலில் காட்டியது பார்ட்டிகிள் போர்டு. விலை சல்லிசு, மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய உப்புமா. அடுத்து எம்.டி.எஃப். மழமழவென்று லட்சணமாக இருந்தது. இரண்டும் வேண்டாம் என்றேன். காரணம் டீ-நட். பல் வைத்த இந்த நட்டைப் பலகையின் பின்பக்கம் அடித்து இறக்கி, முன்பக்கமிருந்து போல்ட் போட்டுப் பிடியை முறுக்குவார்கள். பல் மரத்தைக் கவ்வ வேண்டும். தூள் பலகையில் பிடிமானம் விட்டுப்போனால், நட்டும் போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். அப்புறம் இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. (சில மேனேஜர்கள் ஞாபகம் வருகிறதா?)

"அப்ப பிளாக் போர்டு எடுங்க சார், ஊரே அதுலதான் கதவு போடுது."

கதவில் யாரும் தொங்குவதில்லையே! உள்ளே கட்டைகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். நடுவே சந்து இருந்தால், நம் நட் மிகச் சரியாக அங்கேதான் இறங்கும்.

மிச்சம் பிளைவுட். மெல்லிய மரத்தகடுகளை ஒன்றின் ரேகைக்குக் குறுக்கே இன்னொன்றாக ஒட்டியது. அதனால் சுலபத்தில் பிளக்காது. கனம் 18 மில்லி. 12-ல் மிச்சம் பிடிக்காதீர்கள், எகிறிப் பிடிக்கும்போது பலகை சலாம் போடும். அறைக்குள் என்றால் பி.டபிள்யூ.ஆர். போதும். மொட்டை மாடி ஷெட் என்றால் மரைன், ஐ.எஸ். 710. அதன் பசையைச் சோதிக்க 72 மணி நேரம் கொதிக்கவைக்கிறார்கள். மூன்று நாள் கொதித்தும் பிரியாத கூட்டுக் குடும்பம்!

முத்திரையை மட்டும் பார்த்துப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். பலகையை நிறுத்தி ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால் அடுத்த பலகை. நான் நாலு பலகையைத் திருப்பி அனுப்பியதில் லோடுமேன் என்னை ஜென்ம விரோதியாகப் பார்த்தார்.

ஆசாரி மைக்கா ஒட்டலாம் என்றார், பளபளன்னு இருக்குமாம். ஷூ வழுக்கும் என்று தடுத்தாகிவிட்டது. எட்டுக்கு நாலு பலகையில் எட்டு அங்குலத்துக்கு ஒன்று வீதம் 72 ஓட்டை. இரண்டு பலகைக்கு 144.

இப்போது ஆசாரி, கூலியை ஓட்டைக் கணக்கில் பேசுகிறார்.