ஒரு குமிழும் ஐந்தரை மணி நேரமும்

நியூயார்க்கிலிருந்து வந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் எரிபொருள் நிரப்பி, விமானிகளை மாற்றிக்கொண்டு, 1983 ஆகஸ்டு 31-ஆம் தேதி 269 பேருடன் சியோலை நோக்கிப் புறப்பட்ட கொரியன் ஏர்லைன்ஸ் 007-ஆம் விமானம், ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துக்குப் பின் சகாலின் தீவுக்கு அருகே சோவியத் போர் விமானமொன்றின் ஏவுகணைக்கு இரையானதை, அந்நாளில் பத்திரிகை படித்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவ்விமானம் வழி தவறத் தொடங்கியது சோவியத் எல்லையின் பக்கத்தில் அன்று, ஆங்கரேஜ் ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நிமிடங்களிலேயே என்பது அவர்களில் பலருக்கும் ஞாபகம் இராது. விபரீதத்தின் முடிவை உலகம் பேசித் தீர்த்த அளவுக்கு அதன் ஆரம்பத்தைப் பேசவில்லை.

ஆரம்பம் மிக அற்பமானது. மேலெழும்பிய விமானத்துக்குக் கிடைத்த உத்தரவு, இயன்றபோது நேரே பெத்தல் என்ற சிற்றூரை நோக்கிச் செல்லலாம் என்பது. விமானிகள் திசைகாட்டியில் 245 பாகையைப் பிடித்துக்கொண்டு பறந்தார்கள். அந்தக் காலத்துப் போயிங் 747 விமானத்தில் தானியங்கிச் செலுத்திக்கு ஒரு குமிழ் உண்டு. அதை ஒரு நிலையில் வைத்தால், காற்று எப்படித் தள்ளினாலும் கவலைப்படாமல், கொடுத்த காந்தத் திசையை மட்டுமே அது பற்றிக்கொண்டிருக்கும். வேறொரு நிலைக்குத் திருப்பினால்தான், தன் அசைவுகளைத் தானே அளந்து இருப்பிடத்தைக் கணக்கிடும் ஐ.என்.எஸ். என்ற யந்திரத்துக்குக் கட்டுப்பட்டு, முன்கூட்டிப் பதித்த பாதையிலே விமானத்தைக் கொண்டுசெல்லும். குமிழ் திருப்பப்படவே இல்லையா, அல்லது திருப்பப்பட்ட வேளையில் விமானம் பாதையிலிருந்து 7.5 கடல் மைலுக்கு மேல் விலகிப்போயிருந்ததால் யந்திரம் பாதையைப் பற்ற இயலாமல் வெறுமனே காத்திருந்ததா என்பது திட்டமாகத் தெரியவில்லை. இவ்விரண்டில் ஒன்றே நடந்தது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1993-இல் தன் இரண்டாவது விசாரணையில் முடிவு கூறிற்று.

குமிழைக் கவனிக்கத் தவறிய விமானிகளே முழுக் குற்றவாளிகள் என்பது சிலருடைய அபிப்பிராயம். எனக்கு அது திருப்தி தரவில்லை. மறதி மனித சுபாவம்; அதைச் சட்டம் போட்டு ஒழித்துவிட முடியாது. ஆனால் ஒரு மறதி ஐந்தரை மணி நேரம் எவர் கண்ணிலும் படாமல் வளர்வதற்கு இடம் கொடுத்த ஏற்பாடு மனிதர்கள் யோசித்துச் செய்தது. அதற்குப் பொறுப்பு விமானி அறையோடு நின்றுவிடுவதில்லை. பெத்தலைக் கடந்துவிட்டோம் என்று விமானிகள் அறிவித்தபோது அவர்கள் அவ்வூருக்குச் சுமார் 12 கடல் மைல் வடக்கே இருந்தார்கள். அந்த விலகல் கிங் சாமன் என்ற இடத்திலிருந்த ராணுவ ராடாரில் பதிவாயிற்று; பதிவானதை அந்நேரத்தில் பார்த்துச் சிவில் கட்டுப்பாட்டாளருக்குச் சொல்வது எவருடைய கடமையாகவும் இருக்கவில்லை. ஐ.என்.எஸ். யந்திரமோ, குறியிடத்துக்கு நேர் மேலே பறந்தாலும், அதற்குப் பக்கவாட்டில் வெகு தூரத்தில் பறந்தாலும், அடுத்த குறியிடம் வந்துவிட்டதென்று அதே விளக்கையே ஏற்றிக் காட்டும். இருக்கும் தூரத்தையும் விலகலையும் அதே யந்திரத்தில் கேட்டுப் பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும், ஆனால் விளக்கு எரிந்த பிறகு கேட்கத் தோன்றுவது அபூர்வம். அதே கம்பெனியின் இன்னொரு விமானம் பின்னாலேயே அதே பாதையில் வந்துகொண்டிருந்தது. ரேடியோவில் கட்டுப்பாட்டு நிலையத்தை எட்ட முடியாதபோது இவர்களுடைய செய்திகளை அதுவே எடுத்துச் சொல்லிற்று. தங்களுக்கு வீசும் காற்றும் அவர்களுக்கு வீசும் காற்றும் ஒத்துப்போகவில்லை என்பது பேச்சில் வந்தும், காரணம் என்ன என்று எவரும் துருவவில்லை. கடைசி அரை மணி நேரத்துக் குரல் பதிவில் பதற்றத்தின் சாயலே இல்லை.

அந்தக் குரல் பதிவு வெளிவரப் பத்தாண்டு ஆயிற்று. கறுப்புப் பெட்டிகளைக் கடலடியிலிருந்து இரகசியமாக மீட்ட சோவியத் அரசு அவற்றை ஒளித்துவைத்தது. பின்னர் ரஷ்ய அதிபர் எல்ட்சின் காலத்தில்தான் அவை வெளியே வந்தன. இடைப்பட்ட காலத்தில் வேவுக் கதைகள் தாராளமாக முளைத்தன. இவ்வளவு பெரிய மரணத்துக்கு இவ்வளவு சிறிய காரணம் போதும் என்று ஒப்புக்கொள்ள மனம் மறுப்பதே அக்கதைகளின் பலம் என்று எனக்குப் படுகிறது.

விமானிகளின் பிழையைக் காட்டிச் சுட்டவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்குவோரும் உண்டு, அது நியாயமல்ல. எச்சரிக்கையாகச் சுடப்பட்ட குண்டுகள் ஒளிக்கோடு விடாதவை. இருட்டில் அவற்றைக் கண்டிருக்க வழியில்லை. எரிபொருளை மிச்சப்படுத்த டோக்கியோவிடம் அனுமதி பெற்று விமானம் மேலே ஏறியதைத் தப்பிக்கும் தந்திரமென்று எடுத்துக்கொண்டார்கள். எல்லை மீறியவன் யாரென்று உறுதிப்படுத்திக்கொள்ளாமல் கொல்வது, வழி தவறியதைவிடப் பன்மடங்கு பெரிய தவறு.

அதன் பிறகு வந்த பரிகாரங்கள் உண்மையில் பெரியவை. அமைப்புப் பணி முடிந்ததும் ஜி.பி.எஸ். வழிகாட்டியைச் சிவில் விமானங்களுக்கும் திறந்துவிடுவதாக ரீகன் அரசு அதே ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி அறிவித்தது. வட பசிபிக்கில் விமானப் போக்குவரத்துத் தகவலைப் பகிர்ந்துகொள்ள அமெரிக்காவும் ஜப்பானும் சோவியத் நாடும் 1985-இல் உடன்பாடு செய்துகொண்டன. ஆனால் இன்று போர் நடக்கும் பிரதேசங்களின் அருகே அந்தச் செயற்கைக்கோள் சமிக்ஞையையே குலைப்பதும், பொய்யான இருப்பிடத்தைக் கருவிக்குள் புகுத்துவதும் சகஜமாகிவிட்டன. திரையில் தெரியும் கோட்டை நம்பிப் பழகிய விமானிகளுக்கு, வேறொரு சாதனத்தால் அதைச் சரிபார்க்கும் பழக்கத்தைப் புறப்பாட்டின் முதல் அரை மணியிலிருந்தே கற்பிக்க வேண்டும். ராணுவ ராடார் கண்டதைச் சிவில் கட்டுப்பாட்டறைக்கு அக்கணமே சொல்லும் கடமையை ஒவ்வோர் அரசும் ஏற்க வேண்டும். பறக்கும் சிவில் விமானத்தின் மீது ஆயுதம் பிரயோகிக்கலாகாது என்ற விதியைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்கு நாடுகள் 1984-இல் ஒருமனதாக இசைந்தன. போதிய நாடுகளின் ஒப்புதல் சேர்ந்து அது அமலுக்கு வந்தது 1998-இல்.